தனியாக வரவும்

போன மாதம் எங்கள் பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கிருந்து யாராவது கூப்பிட்டால் எந்த அலமாரியின் சாவி எங்கே என்றுதான் கேட்பார்கள். இந்தத் தடவை வேறு விஷயம். புதிதாக நான்கு பேரை ‘பர்சனல் டியூட்டர்’ வேலைக்குத் தயார் செய்கிறார்களாம். இனிமேல் பயிற்சிக்கு வருகிறவர்களின் போனில் ஐந்து முகங்கள் வரும். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தைத் தொட வேண்டும். அழுகிற முகத்தைத் தொட்டவர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் போதுமாம். “உங்க எக்ஸ்பீரியன்ஸ ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்” என்றாள் பேசிய பெண்.

யூஸ்ஃபுல்லாக இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த வேலைக்கு நான் தயாரான காலம் முழுக்கக் குழம்பிக்கொண்டே இருந்தேன். தெளிந்த பிறகு எழுதலாம் என்றால், பதினோரு வருஷமாகியும் முழுசாகத் தெளியவில்லை. இரண்டு பக்கத்தில் அடக்கவும் தெரியவில்லை. கேட்டது அவர்கள் தப்பு.

நான் வசந்தா. தங்கச் சுரங்கம் இருந்த ஆண்டர்சன்பேட்டையில், பெரியவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் நிலையத்தில் தையல் ஆசிரியையாக இருந்தேன். அந்தக் காலத்துக் கால் மிதி மிஷின் இல்லை. பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனிகளில் ஓடுகிற பவர் மிஷின். முப்பது, நாற்பது வயதுப் பெண்கள் வருவார்கள். ஆறேழு மாதம் கற்றுக்கொண்டு, தேர்வு எழுதி, விடிகாலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போவார்கள். பதின்மூன்று வருஷம் காலர் தைக்கவும் கை தைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்குக் குழப்பமே கிடையாது. கோணலாக வந்தால் பிரி, மறுபடி தை. அவ்வளவுதான்.

என் ஐம்பதாவது வயதில் புதுப் பொறுப்பாளராக மஞ்சுநாத் சார் வந்தார். பங்காருபேட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வந்த வாரமே கணக்குப் பார்த்துவிட்டு, சேருகிறவர்களில் பாதிப் பேர் தேர்வு வரைக்கும் வருவதில்லை என்றார். அது எங்களுக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை என்றார். அதுவும் உண்மைதான். ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர், பாடம் நடத்துவதோடு, பயிற்சியாளர்கள் ஒவ்வொருவருடனும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். என்ன தடை, ஏன் வரவில்லை, தேர்வு வரை போக என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி, முடிந்ததைச் செய்து தர வேண்டும். அதற்குப் பெயர் பர்சனல் டியூட்டர். தையல் பிரிவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்னை என்று கேட்டேன். “நீங்க ரொம்ப பேசுறீங்க, அது நிக்கணும்” என்றார்.

அவரிடமிருந்து வந்த முதல் சீட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ‘வசந்தா, மூன்று மணிக்கு என் அறைக்குத் தனியாக வரவும்.’ அடியில் கையெழுத்து. மூன்று மணிக்கு பிளம்பிங் சொல்லித்தரும் ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரும் ஒரு கேள்வி கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மஞ்சுநாத் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாக்கே ரெண்டு பேர்? உங்கள மட்டும்தானே வரச் சொன்னேன்.”

“இவர் சாட்சி சார்” என்றேன்.

“எதுக்குச் சாட்சி?”

ஆரோக்கியம்தான் சொன்னார். “அவங்க பேசட்டும் சார், நான் சும்மா ஒக்காந்துகினு இருப்பேன். கண்டுக்காதீங்க.”

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ‘தனியா வா’ என்பது சாதாரண வார்த்தை இல்லை. சுரங்கம் ஓடின காலத்தில் ஷிஃப்ட் நடுவே ஒரு ஆளைத் தனியாக ஆபீசுக்குக் கூப்பிட்டால், ஒன்று விசாரணை, இல்லையென்றால் என்னவென்று தெரியாத காகிதத்தில் கையெழுத்து. அதனால் யாருக்கு அழைப்பு வந்தாலும் பக்கத்தில் நிற்கிறவன் சட்டையை மாட்டிக்கொண்டு கூட நடப்பான். உள்ளே போய் ஒரு வார்த்தை பேச மாட்டான். கூட ஒருத்தன் இருந்தான் என்றால் போதும். என் அப்பா அப்படி எத்தனையோ பேருக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், இந்தப் பழக்கத்தை மட்டும் யாரும் மூடவில்லை. பேங்க் மேனேஜர் கூப்பிட்டாலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும், எங்கள் ஊரில் இரண்டு பேராகத்தான் போவார்கள்.

எட்டு சனிக்கிழமை பெங்களூரில் வகுப்பு. கோரமண்டலில் ரயில் ஏறி, நின்றுகொண்டே போய், ஒரு ஹாலில் மாலை வரை உட்கார்ந்து, நின்றுகொண்டே திரும்பி வருவேன். இங்கிலீஷும் கன்னடமுமாகக் காகிதங்கள் கொடுத்தார்கள். ஒரு நாள் மண்டியாவிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பயிற்சியாளராகவும் நான் டியூட்டராகவும் நடிக்க வேண்டும். அவர் தன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடிக்க ஆரம்பித்து நிஜமாகவே அழுதுவிட்டார். நான் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று சொல்ல ஆரம்பித்தேன். அறிவுரை சொன்னதற்கு எனக்கு மார்க் குறைந்தது. டியூட்டர் ஆசிரியர் இல்லை, அம்மா இல்லை, சிநேகிதி இல்லை, டாக்டர் இல்லை என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். அப்புறம் என்னதான் என்று எழுதவில்லை. எட்டாவது சனிக்கிழமை சான்றிதழ் தந்தார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் மஞ்சுநாத் சார் மேற்பார்வையில் வேலை பார்த்து, ஒரே பயிற்சியாளருடன் ஆறு சந்திப்பு நடத்தி, அந்தப் பதிவேட்டைக் கொடுத்தால்தான் வேலை உறுதியாகும்.

சந்திப்பு அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு நூல்கண்டு வைத்திருந்த இடம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. நாற்காலிகளை எதிரெதிரே போடக் கூடாது. மேஜை மூலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. “எதிர்ல ஒக்காந்தா ஆபீசர், பக்கத்துல ஒக்காந்தா சொந்தக்காரி, மூலைல ஒக்காந்தா டியூட்டர்” என்பார் சார். கதவைச் சாத்த வேண்டும். தாழ் போடக் கூடாது. கைக்கடிகாரத்தைக் கழற்றி, வந்தவருக்கும் தெரிகிற மாதிரி மேஜைமேல் வைக்க வேண்டும். இருபது நிமிஷம். எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் பேசும்போது எழுதக் கூடாது. பேசி முடித்ததும் மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். ஏழு எட்டு எண்ணுவதற்குள் அவர்களே இன்னொன்று சொல்வார்கள், அதுதான் நிஜமான விஷயம் என்பது அவர் கட்சி. கடைசியில் பேசியதை மூன்று வரி எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். பத்து எண்ணுகிற கதையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், “ஒன்னால ரெண்டு எண்ண முடியுமா?” என்றார்.

ஆனால் சார் அதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். என்னைக் கதவோரம் ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு சந்திப்பு நடத்திக் காட்டினார். முழங்கையை மேஜையில் வைக்க மாட்டார். எதிராளியின் முகத்தை உற்றுப் பார்க்கவும் மாட்டார். அவர்களுடைய கைக்கு அருகே மேஜையில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசி முடித்தால் “ஆங்” என்பார். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் எனக்குத் தொண்டை அரிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் தானாகப் பேச ஆரம்பிப்பார். மந்திரம் மாதிரி இருந்தது. நான் செய்தபோது மட்டும் அந்த மந்திரம் பலிக்கவில்லை. நான் பத்து எண்ணினால் மூலைக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் என்கூடச் சேர்ந்து எண்ணுகிறாளோ என்று தோன்றும்படி அமைதியாக இருந்தாள்.

அவள் பெயர் கௌதமி.

ஊரிகத்து லைன் வீட்டுக்காரி. முப்பத்தாறு வயது. தாத்தா காலத்தில் பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். புருஷன் பெங்களூரில் செக்யூரிட்டி, வாரம் ஒருநாள் வருவார். பதின்மூன்று வருஷத்தில் அவள் மாதிரி மிஷின் ஓட்டி நான் பார்த்ததில்லை. காலர் வளைவில் எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் போவார்கள். அவள் நிறுத்தாமல் போவாள், ஒரு தையல்கூடப் பிசகாது. அவளோடு அவள் புருஷனின் அக்கா அம்பிகாவும் அதே பேட்ச்சில் சேர்ந்திருந்தாள். பக்கத்துப் பக்கத்து மிஷின். அம்பிகா தைத்ததைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு நேர்க்கோடு அவளால் தைக்க முடியாது. கண் தன் துணியில் இருந்தால்தானே வரும். எப்போதும் கௌதமியையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதற்காக இவள் பயிற்சிக்கு வந்தாள் என்று பலநாள் நினைத்திருக்கிறேன்.

கௌதமி இடையிடையே இரண்டு நாள், மூன்று நாள் வர மாட்டாள். காரணம் கேட்டால் காய்ச்சல். எங்கள் விதிப்படி இன்னும் சில நாள் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் ஆறு சந்திப்புக்கு அவளையே எடுத்துக்கொண்டேன். ‘தனியாக வரவும்’ என்று சீட்டு அனுப்பினேன். மஞ்சுநாத் சாரின் அதே வாசகம், அச்சடித்தே வைத்திருந்தோம்.

அம்பிகாவோடு வந்தாள்.

அன்று நான் தடுக்கவில்லை. ஆரோக்கியத்தைக் கூட்டிக்கொண்டு போனவள்தானே நானும். மூன்றாவதாக ஒரு ஸ்டூல் போட்டேன். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்பிகா பதில் சொன்னாள். “அவளுக்கு ஒண்ணும் இல்ல மேடம். நல்லா கீறா. ரெண்டு நாளு காச்சலு, அவ்ளோதான்.” கௌதமி தலையாட்டினாள். இரண்டாவது சந்திப்பும் அப்படியே.

பெங்களூரில் கொடுத்த காகிதத்தில் ஒரு பக்கம் இருந்தது. கூட வரும் உறவினர் பயிற்சியாளரைப் பேசவிடாமல் தானே பேசினால், எப்போதும் கண்காணித்தால், அது வீட்டு அடக்குமுறையின் அடையாளமாக இருக்கலாம், தனியாகப் பேச வழி செய்யவும். வாசித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. ஆறு மாதக் குழப்பத்தில் அந்த ஒரு தடவைதான் நான் தெளிவாக இருந்தேன். நாத்தனார் கொடுமை. வேறென்ன?

மூன்றாவது சந்திப்புக்கு அம்பிகாவை வாசலிலேயே நிறுத்தினேன்.

“நீங்க வெளிய இருங்க. இது அவங்களுக்கும் எனக்கும் மட்டும்.”

“இன்னா மேடம் இது, நான் ஒண்ணும் பேசல. சும்மா ஒரு ஓரமா ஒக்காந்துக்கறேன்.”

“கூடாது. ரூல்.”

கதவைச் சாத்தினேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்தேன். வீட்டில் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். கௌதமி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணும் இல்ல மேடம்” என்றாள். அதையே எழுதினேன், கையெழுத்துப் போட்டாள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது சந்திப்புகளிலும் அதே பதில், அதே கையெழுத்து. அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தது. நாத்தனாருக்குப் பயப்படுகிறாள் என்று நானாக முடிவு செய்தேன். என்னைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். நான் டியூட்டர் மட்டும் இல்லையே, தையல் ஆசிரியையும்தானே. அம்பிகாவை மத்தியான பேட்ச்சுக்கு மாற்றினேன். அவள் வந்து கெஞ்சினாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. “தையலே வராத உங்களுக்கு எந்த பேட்ச்சா இருந்தா என்ன?” என்று கேட்டேன். இதை எழுதக் கூசுகிறது. கேட்டது நான்தான்.

பேட்ச் மாற்றிய எட்டாம் நாள். நான் மேஜையில் சட்டைக் கை வெட்டுவதற்குத் துணி மடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மிஷின் மட்டும் நிற்காமல் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம். திரும்பினால் கௌதமியின் உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, கால் பெடலை அழுத்தியபடி விறைத்திருக்கிறது, வலது கை விரல் ஊசிக்கு அடியில். யாரோ மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். வலிப்பு. கீழே விழுந்ததில் நெற்றியும் கிழிந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒடிந்த ஊசித்துண்டை விரலிலிருந்து எடுத்தார்கள். எலும்பில் படவில்லை, பிழைத்தோம் என்றார் டாக்டர்.

அம்பிகா வந்தபோது நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். புடவையில் ரத்தம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கட்டவெரல பாக்கலியா மேடம் நீங்க?”

“எந்தக் கட்டைவிரல்?”

“எடது கைது. தானா உள்ள மடங்கும். மடங்கிச்சின்னா இருவது எண்ற வரிக்கும் டைம் கீது. கால பெடல்லருந்து எடுத்துவுட்டு, கீழ படுக்க வெச்சி, துணி எடுக்கற மாதிரி நானும் குனிஞ்சிக்குவேன். இந்த பேட்ச்ல நாலு தரம் வந்துது. ஒருத்தருக்கும் தெரியாது.”

அவள் ஏன் நேராகத் தைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “என்கிட்ட ஏன் சொல்லல? அத்தன தரம் கேட்டேனே” என்றேன்.

“கதவ சாத்தி, தனியா ஒக்கார வெச்சி, கையெழுத்து போடுன்னா எவ மேடம் சொல்லுவா? எங்கப்பாவ அப்பிடித்தான் ஒரு ரூமுக்கு கூப்ட்டாங்க. அன்னிக்கின்னு பாத்து கூட ஆளு இல்ல. தனியா போனாரு. வர்ச்சொல்ல ‘அன்ஃபிட்’டுன்னு சீட்டோட வந்தாரு. அப்பால அவரு சொரங்கத்துல எறங்க கேஜ் ஏறவே இல்ல. இவளும் அன்ஃபிட்டுன்னு ஒரு சீட்டு வாங்கிகினு வரட்டும்னா இத்தன மாசம் நான் கோணல் கோணலா தெச்சேன்?”

இந்தத் தடவை நான் பத்து எண்ணவில்லை.

மூன்றாம் நாள் சீட்டு வந்தது. ‘பதிவேட்டுடன் தனியாக வரவும்.’ மஞ்சுநாத் சார், பட்டறைப் பொறுப்பாளர், எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் மூவரும் உட்கார்ந்து கௌதமியை வைத்துக்கொள்வதா, பெயரை அடிப்பதா என்று முடிவு செய்வார்கள். என் பதிவேடுதான் ஆதாரம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பதிவேட்டை எழுதி முடித்தேன். என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பலமுறை தனியாகக் கேட்டும் பயிற்சியாளர் தன் நோயை மறைத்தார். கையெழுத்துகள் இணைப்பில்.’ அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எனக்கு வேலை உறுதியாகும், அவள் பெயர் போகும். அழகான கையெழுத்தில் எழுதி மூடி வைத்துவிட்டுச் சமைத்தேன், சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் கீது. நீ எங்க இதுல?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் இன்னொரு பக்கம் எழுதினேன். மூன்றாவது சந்திப்பில் கூட வந்தவரை வெளியே நிறுத்தினேன், பேட்ச்சை மாற்றினேன், அவர் கெஞ்சியும் காரணம் புரிந்துகொள்ளாமல் பேசினேன் என்று எழுதினேன். பிறகு ஊரிகம் போனேன். கௌதமி நெற்றியில் கட்டோடு படுத்திருந்தாள். கூட்டத்துக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். ‘நீங்க’ எல்லாம் மறந்துபோயிற்று.

அறை வாசலில் நான், கௌதமி, அம்பிகா மூன்று பேரும் நின்றோம். செயலாளர் முகத்தைச் சுளித்தார். “உங்களைத் தனியாகத்தான் வரச் சொன்னோம்.”

“இவங்க எனக்குச் சாட்சி சார். நான் எழுதினத நான் படிக்கறப்போ இவங்க இருக்கணும்” என்றேன். மஞ்சுநாத் சார் எழுந்து போய் வெளியிலிருந்து இரண்டு நாற்காலி எடுத்துவந்து போட்டார். எதிரே இல்லை, மூலைக்கு.

நான் படித்தேன். அதற்கப்புறம் கௌதமி பேசினாள். மகள் பிறந்த பிறகு வர ஆரம்பித்த வலிப்பு, அதைத்தான் காய்ச்சல் என்று சொன்னது, மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று பாதி நாள் விட்டுவிடுவது, எல்லாம். அம்பிகா பக்கத்தில் இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் கௌதமியின் இடது கையில்.

பெயரை அடிக்கவில்லை. ஆனால் பவர் மிஷின் கிடையாது என்றார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிறகு பார்க்கலாம். அதுவரை செக்கிங் டேபிள். தைத்து வந்த சட்டைகளை விரித்து, பிசகைக் கண்டுபிடித்து, நூல் கத்தரிக்கிற வேலை. அந்தப் பிரிவில் தேர்வு எழுதலாம். இது நல்ல முடிவு என்று நான் சந்தோஷப்பட்டேன். வெளியே வந்ததும் கௌதமி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “நான் மிஷினுக்குத்தான் மேடம் வந்தேன். நூலு வெட்டறதுக்கு வரல.” அதன்பிறகு நாலு மாதம் என்னோடு பேசவில்லை. குட் மார்னிங் சொன்னால் சட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கும் பரிசு கிடைத்தது. மஞ்சுநாத் சார் கூப்பிட்டு, பதிவேடு நேர்மையாக இருக்கிறது, ஆனால் ரகசியமாக நடக்க வேண்டிய கூட்டத்துக்கு அனுமதியில்லாமல் ஆட்களைக் கூட்டிவந்தேன், பயிற்சியாளரை ஆபத்தில் விட்டேன், அதனால் இன்னும் ஆறு மாதம் மறுபடி தயாராக வேண்டும் என்றார். “ஆய்த்தா?” என்று கேட்டார். ஆயிற்று என்றேன். கோபம் வந்தது, அவர் சொன்னது நியாயம் என்றும் பட்டது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று பெங்களூர்க் காகிதத்தில் இல்லை. ஒன்று மட்டும் செய்தார். அச்சடித்த சீட்டில் ‘தனியாக வரவும்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘வரவும். கூட வருபவர் பெயர்’ என்று எழுதி ஒரு கோடு போட்டார். அடுத்த தடவை அச்சில் அப்படியே வந்தது.

அம்பிகா காலை பேட்ச்சுக்குத் திரும்பி வந்தாள். கௌதமி ஊசிப் பக்கம் இல்லாததால் அவள் கண் இப்போது தன் துணியில் இருந்தது. மூன்றே வாரத்தில் நேராகத் தைத்தாள். பேட்ச்சில் இரண்டாவது நல்ல தையல் அவளுடையது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தேர்வு நாள் வந்தது. செக்கிங் பிரிவுக்கு வாய்மொழித் தேர்வும் உண்டு. வெளியூர்த் தேர்வாளர் மாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கதவு சாத்தியிருக்கும். கௌதமியின் நேரமும் அம்பிகாவின் மிஷின் தேர்வும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது. நான் கீழே நூல் சுற்றிய பாபின் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படியிறங்கி வந்த கௌதமி என் எதிரே நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“மேடம், ரூமுக்குக் கூப்புட்டாங்க.”

“போயிட்டு வா. உனக்குத் தெரியாத கேள்வியா கேட்கப் போறாங்க?”

“நீங்க வர்றீங்களா?” என்றாள். “பேச வேணாம். சும்மா ஒக்காந்தா போதும்.”

பாபின் டப்பாவைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு அவள் பின்னால் மாடி ஏறினேன். தேர்வாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “இவங்க யாரு?”

டியூட்டர் என்பாள், ஆசிரியை என்பாள் என்று நினைத்தேன்.

“கூட வந்தவங்க” என்றாள் கௌதமி.

தேர்வாளருக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஹால் டிக்கெட்டோடு வைத்திருந்த எங்கள் சீட்டை நீட்டினாள். கூட வருபவர் பெயர் என்ற கோட்டில் பென்சிலால் என் பெயர் எழுதியிருந்தது. எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை. மாடிக்கு வருவதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அரைமணி நேரம் நடந்தது. முடிந்து இறங்கியபோது மஞ்சுநாத் சார் படியடியில் நின்றிருந்தார். கௌதமி முன்னால் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி பண்ணா? என்ன கேட்டார்?”

“தெரியல சார்.”

“நீங்க உள்ளதானே இருந்தீங்க. ஒரு கேள்விகூட ஞாபகம் இல்லையா?”

“இல்ல சார்.”

“அப்போ அரைமணி நேரம் உள்ள என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கட்டைவிரலப் பார்த்துட்டிருந்தேன்” என்றேன். “மடங்கல சார். ஒரு தடவகூட மடங்கல.”